பாமசி கவுண்டரில் இங்கிலீஷ்: என் வகுப்பில் நான் சொல்லிக் கொடுப்பது

ஆரம்ப நிலை இங்கிலீஷ் புத்தகங்களில் பாமசிப் பாடம் அநேகமாக ஒரே மாதிரித்தான் இருக்கும். ஒரு பக்கத்தில் தலையிடி, காய்ச்சல், இருமல் என்று படங்கள். மற்றப் பக்கத்தில் "ஐ ஹாவ் எ ஹெடேக்" என்று ஒருவர் சொல்வார், கடைக்காரர் உடனே மருந்தை எடுத்து நீட்டி "ஹியர் யூ ஆர்" என்பார், இவர் "தாங்க் யூ" சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார், பாடம் முடிந்தது. ஒழுங்கான மருந்துக்கடையில் அப்படி நடக்காது. நீங்கள் ஒரு வசனம் சொன்னால் அந்தப் பக்கத்தில் இருந்து நாலு கேள்வி வரும். என்னிடம் படிக்க வருகிறவர்கள் தடக்கி விழுவது அந்த நாலு கேள்வியில்தான். கேட்கப் போன வசனத்தை ஒரு கிழமையாக மனப்பாடம் செய்து அழகாகச் சொல்லிவிடுவார்கள், திரும்பி வரும் முதல் கேள்விக்கே முகம் வெளிறிப் போய்விடும்.

நான் வெள்ளவத்தையில் பெரியவர்களுக்கு இங்கிலீஷ் சொல்லிக் கொடுக்கிறேன். காலி வீதியில் இருந்து கடல் பக்கமாக இறங்கும் ஒழுங்கை ஒன்றில், ஒரு வீட்டு மேல்மாடியில் பின்னேர வகுப்பு. லண்டனுக்கோ கனடாவுக்கோ கலியாணம் முடிந்து விசாவுக்குக் காத்திருக்கும் பிள்ளைகள் (எங்கள் ஆட்களுக்கு பிரித்தானியா முழுவதும் லண்டன்தான்), பேரப்பிள்ளை பார்க்கப் போகிற அம்மாமார், மலையகத்தில் இருந்து வந்து புடவைக்கடைகளில் நிற்கும் பொடியன்மார், கொட்டாஞ்சேனையில் ஓட்டோ ஓடும் ஒரு அண்ணை என்று கலவையான கூட்டம். வாழ்க்கைத்துணை விசாவில் பிரித்தானியாவுக்குப் போகிறவர்கள் ஏ1 அளவில் (ஆகத் தொடக்க நிலை) பேசவும் கேட்டு விளங்கவும் தெரியும் என்று காட்ட வேண்டும், அதனால் சிலர் அந்தச் சோதனைக்காகவே வருவார்கள். சோதனை முடிந்ததும் வகுப்பை விட்டுப் போய்விடுவார்கள், பிறகு அங்கே குளிருக்குள் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்த இரவில் எனக்கு வட்ஸ்அப்பில் கோல் வரும்.

கொழும்பில் இருக்கிறவனுக்கு பாமசி இங்கிலீஷ் எதற்கு என்று கேட்பவர்களும் உண்டு. வெள்ளவத்தையில் தமிழில் கேட்கலாம், மற்ற இடங்களில் சிங்களம் இருந்தால் காணும். சரிதான். ஆனால் பெட்டியில் பெரிய எழுத்தில் அச்சடித்திருப்பது இங்கிலீஷ், டொக்டர் துண்டில் எழுதுவதும் இங்கிலீஷ். யாழ்ப்பாணத்தில் இருந்து ஸ்பெஷலிஸ்ட் டொக்டரைக் காட்ட, அதாவது சனல் பண்ண வந்து, கையில் துண்டோடு கொள்ளுப்பிட்டியில் நிற்கும், சிங்களம் தெரியாத ஒரு அன்ரிக்கும் கவுண்டருக்குப் பின்னால் நிற்கும் தமிழ் தெரியாத ஒரு தங்கச்சிக்கும் நடுவில் இருப்பது அரைகுறை இங்கிலீஷ் மட்டும்தான்.

அதனால் பாடத்தைத் தலைகீழாக்கிவிட்டேன். முதல் நாள் மாணவர்கள் ஒன்றுமே கேட்க வேண்டாம். நான்தான் பாமசிக்காரி, நான் கேட்பேன், அவர்கள் பதில் சொல்ல வேண்டும்.

என்ன கேள்விகள் என்பதை நானாகக் கண்டுபிடிக்கவில்லை. பிரித்தானியாவில் மருந்துக்கடைக் கவுண்டரில் வேலை செய்கிறவர்களுக்குப் பயிற்சியில் ஐந்து கேள்வி சொல்லிக் கொடுப்பார்கள். மருந்து யாருக்கு, என்ன செய்கிறது, எவ்வளவு நாளாக, இதற்கு முன் என்ன செய்து பார்த்தீர்கள், வேறு என்ன மருந்து எடுக்கிறீர்கள். இவற்றின் இங்கிலீஷ் முதலெழுத்துகளைச் சேர்த்து 'வாம்' (WWHAM) என்று ஞாபகம் வைத்துக்கொள்வார்கள். அவர்கள் கேட்கப் பயிலும் அதே ஐந்தை நாங்கள் பதில் சொல்லப் பயில்கிறோம், அவ்வளவுதான். நான் அதோடு இரண்டு சேர்ப்பேன்: அலர்ஜி இருக்கா, பெண்கள் என்றால் கர்ப்பமா அல்லது பால் கொடுக்கிறீர்களா. இந்த ஏழுக்கும் பதில் கைவசம் இருந்தால் உலகத்தில் எந்தப் பாமசியிலும் முக்கால்வாசி ஒப்பேற்றலாம்.

பதில் முழு வசனமாக இருக்க வேண்டும் என்று நான் கேட்பதே இல்லை. "மை சன். ஃபோர் இயர்ஸ். ஃபீவர். டூ டேய்ஸ். பனடோல் சிரப். நோ அலர்ஜி." இது போதும். இதில் வினைச்சொல் எங்கே என்று கேட்கும் ஆசிரியர்கள் இருக்கிறார்கள், எனக்கு அவர்களோடு பேச ஒன்றும் இல்லை. 'சின்ஸ்' போடுவதா 'ஃபோர்' போடுவதா என்று யோசித்து யோசித்தே சிலருக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும், பின்னால் வரிசையில் நிற்கிறவர்கள் தொண்டையைச் செருமத் தொடங்குவார்கள், அதோடு பயம் இரண்டு மடங்காகும். "த்ரீ டேய்ஸ்" என்று விரலையும் காட்டிச் சொன்னால் விளங்காத பாமசிக்காரர் இல்லை.

அடுத்தது 'யெஸ்' என்ற சொல். என் வகுப்பில் பாமசிப் பாடம் நடக்கிற நாட்களில் 'யெஸ்' தடை. இதற்குக் காரணம் இருக்கிறது. எங்கள் ஆட்கள் விளங்காவிட்டால் தலையாட்டுவார்கள். மரியாதைக்கு ஒரு "ஓம்", வெட்கத்துக்கு ஒரு "ஓம்", கெதியாக முடியட்டும் என்று இன்னொரு "ஓம்". அதையே இங்கிலீஷில் "யெஸ், யெஸ்" என்று செய்தால் பாமசிக்காரர் உண்மை என்றுதானே எடுப்பார்? ஒருநாள் ஒரு அன்ரியிடம், "யூ ஆர் நொட் அலர்ஜிக் டு பெனிசிலின்?" என்று கேட்டேன். "யெஸ்" என்றார். "யெஸ் என்றால், அன்ரி?" என்றேன். "ஓம் மிஸ், அப்படி ஒண்டும் இல்லை" என்றார். தமிழில் அது மிகச் சரியான பதில், "இல்லைத்தானே?" என்று கேட்டால் "ஓம், இல்லை" என்போம். இங்கிலீஷில் அதே கேள்விக்கு 'யெஸ்' சொன்னால் அலர்ஜி இருக்கிறது என்று ஆகிவிடும், இல்லாவிட்டால் குறைந்தபட்சம் கேட்டவர் குழம்பிப் போவார். இதற்கு இலக்கணம் விளக்கி மினக்கெடுவதில் பிரயோசனம் இல்லை. பதிலில் ஒரு பொருள் இருக்க வேண்டும், அதுதான் சட்டம்: "நோ அலர்ஜி" அல்லது "அலர்ஜி, பெனிசிலின்". "அதர் மெடிசின்?" என்றால் "டயபட்டிஸ் டேப்லட்" அல்லது "நோ அதர் மெடிசின்". வெறும் 'யெஸ்' வந்தால் நான் காதில் விழாத மாதிரி அதே கேள்வியைத் திரும்பக் கேட்பேன். முதலில் சிரிப்பார்கள், பிறகு கோபம் வரும், பிறகு பழகிவிடும்.

இனி, திருப்பிச் சொல்லுதல். ஒரே ஒரு வகுப்புக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் மற்றதை எல்லாம் விட்டுவிட்டு இதை மட்டும் சொல்லிக் கொடுப்பேன். மருந்தை வாங்கியதும் கவுண்டரை விட்டு நகரக் கூடாது, பாமசிக்காரர் சொன்னதைத் தன் வாயால் ஒருமுறை சொல்ல வேண்டும்: "வன் டேப்லட். மோர்னிங், நைட். ஆஃப்டர் ஃபூட். கரெக்ட்?" பிழை என்றால் அந்த இடத்திலேயே திருத்துவார்கள். வகுப்பில் இதற்கு மேலேயும் ஒன்று செய்வேன். நான் பாமசிக்காரியாக இருந்து சொன்னதை மாணவர் வெளியே போய், வீட்டில் இருக்கிற அம்மாவுக்கு ஃபோனில் சொல்வது போல தமிழில் சொல்ல வேண்டும். இங்கிலீஷில் கிளிப்பிள்ளை மாதிரி ஒப்புவிக்கிறவர்கள் எல்லாம் இந்த இடத்தில் பிடிபடுவார்கள். "வன் டேப்லட் எவ்ரி சிக்ஸ் அவர்ஸ்" என்பதை இங்கிலீஷில் அச்சொட்டாகத் திருப்பிச் சொன்ன ஒரு பிள்ளை, தமிழில் "ஒரு நாளைக்கு ஆறு குளிசையாம் அம்மா" என்றாள். அதில் இருந்து கரும்பலகையில் ஒரு மணிக்கூடு வரைந்துவிட்டுத்தான் பாடம் தொடங்குவேன்: காலை 6, பகல் 12, பின்னேரம் 6, இரவு 12, நாலு தரம்.

பரசிட்டமோலுக்கு இது இன்னும் முக்கியம். வளர்ந்தவர்களுக்கு 500 மில்லிகிராம் குளிசை ஒரு தரத்துக்கு ஒன்று அல்லது இரண்டு, இடையில் நாலு மணித்தியாலமாவது விட வேண்டும், 24 மணித்தியாலத்துக்குள் எட்டைத் தாண்டக் கூடாது. இதைப் பாமசிக்காரர் ஒரே மூச்சில் "நோ மோர் தான் எய்ட் இன் ட்வென்டிஃபோர் அவர்ஸ்" என்று சொல்லும்போது ஆரம்ப நிலையில் இருப்பவரின் காதில் விழுவது 'மோர்', 'எய்ட்' இரண்டும்தான். கூட எட்டு எடுக்கச் சொல்கிறார்களாக்கும் என்று விளங்கிக்கொள்ளவும் இடமிருக்கிறது! அதனால் 'நோ மோர் தான்', 'டோன்ட் டேக்', 'ஸ்டொப்' இந்த மூன்றையும் நான் வேகமாகச் சொல்லச் சொல்ல, காதில் பட்ட உடனே கையை உயர்த்த வேண்டும் என்று ஒரு விளையாட்டு வைத்திருக்கிறேன். பெரியவர்கள்தான் கூட ரசிப்பார்கள்.

எண்கள் இன்னொரு தலையிடி. ஃபிஃப்டீன், ஃபிஃப்டி, தேர்ட்டீன், தேர்ட்டி. தைரோயிட்டுக்குத் தைரொக்சின் 50 எடுக்கிறவரும் இருக்கிறார், 100 எடுக்கிறவரும் இருக்கிறார், சீனி வருத்தத்துக்கான மெட்ஃபோர்மினில் 500, 850 என்று வரும். காதை நம்பாதீர்கள் என்பதுதான் என் ஆலோசனை. கைப்பையில் ஒரு சின்னக் கொப்பியும் பேனாவும் வைத்துக்கொண்டு "ப்ளீஸ் ரைட் இட்" என்று நீட்ட வேண்டும். இளம் பிள்ளைகளுக்கு இது வெட்கம், எழுதிக் கேட்டால் இங்கிலீஷ் தெரியாது என்று நினைப்பார்களாம். தெரியாதுதானே, அதற்குத்தானே வகுப்புக்கு வருகிறீர்கள் என்பேன். துண்டில் டொக்டர்மார் எழுதும் பிடி, டிடிஎஸ், மானே, நொக்டே எல்லாம் இங்கிலீஷே இல்லை, லத்தீன். ரெண்டு நேரம், மூன்று நேரம், காலையில், இரவில். அந்த நாலும் தெரிந்தால் காணும், மிச்சத்தை மருந்தாளர் பார்த்துக்கொள்வார்.

வீட்டில் இருக்கும் மருந்துகளைக் கொண்டுவரச் சொல்வேன். அந்த வகுப்புதான் எனக்குப் பிடித்தது. அன்ரிமார் பிஸ்கட் டின்னோடு வருவார்கள், அதற்குள் பாதி வெட்டிய குளிசைக் கார்டுகள், மேலே 'பிரஷர்' என்று தமிழில் எழுதிய காகித உறைகள், எந்தக் காலத்திலோ மிச்சம் வைத்த அன்ரிபயோட்டிக் ரெண்டு. கொழும்பில் பாமசிக்காரர் கத்தரிக்கோலால் கார்டை வெட்டி நாலு குளிசை தருவார், வெட்டுகிற இடத்தைப் பொறுத்துத் திகதி உங்களுக்குத் தந்த பாதியில் இருக்கும், அல்லது மிச்சக் கார்டோடு கடையிலேயே நின்றுவிடும். எனவே "எக்ஸ்பயரி டேட், ப்ளீஸ்?" என்று கேட்கப் பழக்குகிறேன், இது இங்கேயே உடனே பயன்படும். வெளிநாட்டுக்குப் போகிறவர்களுக்கு மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும்: அங்கே "ஃபோர் பனடோல்" என்று கேட்டால் முழிப்பார்கள், பெட்டியாகத்தான் விற்பார்கள். பெட்டியிலும் அளவு உண்டு. பிரித்தானியாவில் 1998ஆம் ஆண்டில் இருந்து சாதாரண கடைகளில் ஒரு பெட்டிக்கு 16, பாமசியில் 32 பரசிட்டமோல் குளிசைகள்தான். நாலு பெட்டி சேர்த்து வாங்கப் போய் கவுண்டரில் மறித்தால், தமிழன் என்பதால் தரவில்லை என்று நினைக்க வேண்டாம், எல்லோருக்கும் அதுதான் நடைமுறை.

பெயர் விஷயத்துக்கு வருவோம். எங்கள் வீடுகளில் பனடோல் என்பதுதான் மருந்தின் பெயர், பரசிட்டமோல் என்று யாரும் சொல்வதில்லை. கனடாவில் அதே மருந்து அசிட்டமினோஃபென், ஆட்கள் சொல்வது டைலனோல். கொம்பனிப் பெயரை விட மருந்தின் பெயரைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று இந்த நாட்டில் பெரிதாகப் பேசியவர் பேராசிரியர் சேனக பிபிலே. 1971இல் தொடங்கிய அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்துக்கு முதல் தலைவர் அவர்தான், ஒசுசல கடைகள் அந்தக் கூட்டுத்தாபனத்தினுடையவை. அவர் யோசித்தது விலையையும் நாட்டின் செலவையும், எனக்கு அது உதவுவது பாடத்துக்கு. ஒவ்வொருவரும் தான் தினமும் எடுக்கும் குளிசைகளின் உண்மையான பெயரையும் அளவையும் ஒரு அட்டையில் எழுதி பேர்சுக்குள் வைக்க வேண்டும். "அதர் மெடிசின்?" என்று கேட்டால் அட்டையை எடுத்துக் காட்டலாம், உச்சரிப்பு பற்றிக் கவலையே வேண்டாம்.

இதில் இருந்து வரும் ஒரு வசனத்தை எல்லோரும் பாடமாக்க வேண்டும்: "இஸ் தேர் பரசிட்டமோல் இன் திஸ்?" தடிமனுக்கு விற்கும் குளிசைகள், கரைத்துக் குடிக்கும் பவுடர்கள் பலதில் அது ஏற்கெனவே இருக்கிறது, மேலே பனடோலும் போட்டால் அளவு இரட்டிப்பாகும். கொழும்பில் இருப்பவர்களுக்கு இன்னொன்று. இங்கே காய்ச்சல் என்றால் டெங்குவாக இருக்கலாம், அப்போது அஸ்பிரின், ஐபுபுரோஃபென், டிக்ளோஃபெனக் மாதிரியான வலிக் குளிசைகள் இரத்தக்கசிவைக் கூட்டும், பரசிட்டமோல் மட்டும்தான் எடுக்கலாம். எனவே காய்ச்சலுக்கு எது தந்தாலும் "ஒன்லி பரசிட்டமோல்?" என்று கேட்டே தீர வேண்டும். இந்த இரண்டு வசனத்திலும் உச்சரிப்பை நான் விடாமல் திருத்துவேன், மற்றதில் அவ்வளவு பார்ப்பதில்லை.

ஓட்டோ அண்ணைக்கு அவருடைய சொந்த வசனம் ஒன்று இருக்கிறது. தடிமனுக்குப் பிரிட்டோன் போட்டால் நித்திரை தூங்கும் என்று அவருக்கு அனுபவத்தில் தெரியும், அதனால் என்ன மருந்து தந்தாலும் "கேன் ஐ டிரைவ்?" என்று கேட்பார். வகுப்பில் செருப்புக் கடிக்கு பிளாஸ்டர் வாங்கும் நாடகத்திலும் அதைக் கேட்டார். ஒவ்வொருவருக்கும் இப்படிச் சொந்தமாக ஒன்று வேண்டும். சீனி வருத்தக்காரருக்கு "ஷுகர் ஃப்ரீ?", பால் கொடுக்கிற பிள்ளைக்கு "சேஃப் ஃபோர் பேபி?"

வருத்தத்தை விளக்குவது பலருக்குப் பெரிய கவலை, நடைமுறையில் அது அவ்வளவு கஷ்டமில்லை. 'பித்தத்துக்கு இங்கிலீஷில் என்ன மிஸ், வாய்வுக்கு என்ன, சூட்டுக்கு என்ன' என்று கேட்பார்கள். கவுண்டரில் நிற்பவருக்குக் காரணம் தேவையில்லை, எங்கே, எப்போது, எப்படி என்பது போதும். பித்தம் என்றால் என்ன செய்கிறது? காலையில் தலை சுற்றுகிறது, சத்தி வரப் பார்க்கிறது. அப்போ "மோர்னிங், டிஸி, வோமிட்டிங் ஃபீலிங்". நோவுகளிலும் அப்படித்தான், குத்து, உளைவு, எரிவு, கடுப்பு என்று தமிழில் எத்தனை இருந்தாலும் ஆரம்பத்துக்கு 'பெய்ன்', 'பேர்னிங்', 'இச்சிங்' மூன்றும் ஒரு சுட்டுவிரலும் காணும். 'இச்சிங்' கட்டாயம் வேண்டும். யாழ்ப்பாணத்து அன்ரி ஒருவர் உடம்பு கடிக்கிறது என்பதை நேராக இங்கிலீஷாக்கி "மை பொடி இஸ் பைட்டிங்" என்றார், வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது, அவரும் சேர்ந்துதான்.

கடைசியாக உண்மையான கடைக்குக் கூட்டிப் போவேன். வெள்ளவத்தையில் செய்து பிரயோசனம் இல்லை, உள்ளே காலடி வைத்ததும் "தம்பி, ஜீவனி இருக்கா?" என்று தமிழ் வந்துவிடும் (ஜீவனி என்பது வயிற்றோட்டத்துக்குத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் உப்புத்தூள்). பம்பலப்பிட்டிக்கு அங்கால், தெரிந்த ஆள் இல்லாத கடையாகப் பார்க்க வேண்டும். முதலில் நான் தனியாகப் போய்க் கடைக்காரரிடம் கேட்டு வைப்பேன், பின்னேரம் சனலிங் முடிந்து ஆட்கள் துண்டுகளோடு குவியும் நேரத்தில் போகவே மாட்டோம், ஒவ்வொருவரும் வீட்டுக்குத் தேவையான ஒன்றைக் காசு கொடுத்து வாங்க வேண்டும். ஜீவனி நல்ல பொருள், "ஹவ் மச் வோட்டர்?" என்று இயல்பாகக் கேட்கலாம், பதிலில் ஒரு எண் வரும், அதைத் திருப்பிச் சொல்லலாம். பிள்ளைக்குச் சிரப் வாங்குகிறவர்கள் வயதையும் நிறையையும் தாங்களே முதலில் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஒரே மருந்து இரண்டு வீரியத்தில் இருக்கும். பிறகு ஸ்பூன் கேட்க வேண்டும். டீஸ்பூன் என்றால் 5 மில்லிலீட்டர், டேபிள்ஸ்பூன் 15, வீட்டுக் கரண்டி ஒவ்வொன்றும் ஒரு அளவு.

இங்கிலாந்துக்குப் போகிறவர்களுக்கு இந்தப் பயிற்சி இப்போது இன்னும் அவசியம். 2024 ஜனவரி 31இல் இருந்து அங்கே தொண்டை நோ, காது நோ, பெண்களுக்கு வரும் சிறுநீர்த் தொற்று உட்பட ஏழு வருத்தங்களுக்கு டொக்டரிடம் போகாமல் பாமசியிலேயே பார்த்து, தேவை என்றால் துண்டில்லாமல் அன்ரிபயோட்டிக்கும் கொடுக்கிறார்கள். அப்படியென்றால் கேள்விகள் கூடும், உட்கார வைத்துக் கேட்பார்கள்.

சிறுநீர்த் தொற்று என்றதும் வகுப்பில் பெண்கள் தலையைக் குனிவார்கள். அந்தப் பகுதியை ஆண்கள் வராத நாளில் தனியாகச் செய்கிறேன். மாதவிடாய் நோ, வெள்ளைபடுதல், கர்ப்பத்தடைக் குளிசை, மூலம், இதெல்லாம் பத்துப் பேர் நிற்கிற கவுண்டரில் சத்தமாகச் சொல்ல எந்த மொழியிலும் முடியாது. அதற்கு இரண்டு வழி சொல்லிக் கொடுக்கிறேன். ஒன்று, வீட்டில் இருந்தே ஃபோனில் பெரிய எழுத்தில் அடித்து வைத்துத் திரையை நீட்டுவது. மற்றது, "கேன் ஐ டோக் டு எ லேடி, ப்ளீஸ்?" பிரித்தானியாவில் என்றால் "பிரைவேட் ரூம், ப்ளீஸ்" என்றும் கேட்கலாம், பெரும்பாலான பாமசிகளில் அதற்கென்று ஒரு சின்ன அறை இருக்கிறது. இங்கே அப்படி அறை கிடைப்பது குறைவு, கவுண்டரின் ஓரத்துக்குத் தள்ளி நின்று கையைக் காட்டினால் அந்தத் தங்கச்சி தானாகவே கிட்ட வருவாள்.